போர்வாளில் ஒரு ஜன்னல்

1

இந்தக் கதை என் மனத்தில் மின்னலாகத் தோன்றியது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் இது சித்தி வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. கல்லூரிக்குப் பக்கம் என்பதால் நான் அங்கேதான் தங்கியிருக்கிறேன். அன்றைக்குக் குளிக்கப் போனேன். வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. சமையலறையில் சித்தி ஏதோ சொல்ல, சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

சித்தப்பா சிரிக்கிற ஆள் கிடையாது. லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பதால், மேலேயிருந்து ஏதோ விழப்போகிறது என்கிற பார்வையோடுதான் எல்லாரையும் பார்ப்பார். அப்படிப்பட்டவர் சிரித்தார், இருமினார், இருமி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தார். நான் குழாயை மூடினேன். தண்ணீரை மிச்சம் பிடிக்க அல்ல, சரியாகக் காதில் விழவேண்டும் என்பதற்காக.

கல்லூரி ஆண்டுமலருக்குக் கதை தருவதாக ஏற்கெனவே வாய் விட்டிருந்தேன். தலைப்புகூடக் கொடுத்தாயிற்று, கதை மட்டும்தான் பாக்கி. [தலைப்பு "விடியலின் விரல்கள்". அதற்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியாது. கேட்டவர்கள் எல்லாம் ஆழமாகத் தலையாட்டினார்கள்.]

சித்தியிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னை அழவைக்கக் கூடாது."

"நான் ஏன் சித்தி உன்னை அழவைக்கப்போறேன்?"

"கதையில வர்ற பொம்பளைங்க எல்லாரும் மூணாவது பக்கத்துல தலகாணியக் கட்டிக்கிட்டு அழறாங்கடா. எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. வேலைக்குப் போகணும்."

ஒப்புக்கொண்டேன். எனவே இந்தக் கதையில் அழுகை கிடையாது. எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்:

"ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் மண்ணுக்கடியில் உறங்கிய அந்த வாள், ஒரு பெண்ணின் விரல் பட்டதும் கண்விழித்து—"

நிறுத்திவிட்டேன். வாக்கியம் நன்றாக இருந்தது. என் வாக்கியம் நன்றாக இருந்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். தேடிப் பார்த்தால் சித்தி வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் திறப்புவிழா அழைப்பிதழில் இருக்கிறது. "ஒரு பெண்ணின் விரல்" மட்டும் நான் சேர்த்தது.

இரண்டாம் தொடக்கம்:

"துரு என்பது இரும்பின் முதுமை. காலம் என்னும்"

காலம் என்னும் என்று எழுதிவிட்டால், அதற்கு அடுத்து எந்தச் சொல் வந்தாலும் உளறல்தான். முதல் பாதியை மட்டும் சித்தியிடம் படித்துக்காட்டினேன்.

"முதுமையா? இரும்பு, தண்ணி, காத்து. மூணும் சேர்ந்தா துரு. புது ஆணியை உப்புத்தண்ணியில நனைச்சு வெளியில போடு, ஒரு வாரத்துல உன் தாத்தா மாதிரி ஆயிடும். சாக்கடைத் தண்ணின்னா இன்னும் சீக்கிரம்."

மூன்றாம் தொடக்கம்:

"சித்தி ஓர் அருங்காட்சியகத்தில் துரு எடுக்கிறாள்."

இதில் அழகு இல்லை. ஆகவே பொய்யும் இருக்க வாய்ப்பில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சித்தி ஓர் அருங்காட்சியகத்தில் துரு எடுக்கிறாள்.

மாடிப்படிக்குக் கீழே, முன்பு ஜெனரேட்டர் இருந்த அறை. சுவரில் இன்னும் புகைக்கரி. நீள மேஜைமேல் கழுத்து வளைகிற விளக்கு, விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடி. பல் வைத்தியர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த கொக்கிகள் பதினொன்று. சுவரோரம் பிளாஸ்டிக் தொட்டி, அதில் சலவைச் சோடாக் கரைசல். தொட்டியின் இரண்டு பக்கமும் பழைய இரும்புக் கம்பிகள் நிற்கும். நடுவில் துருப்பிடித்த பொருள் தொங்கும். வெளியே ஒரு பேட்டரி சார்ஜர் உறுமிக்கொண்டிருக்கும். கம்பிக்கு நேர்முனை, பொருளுக்கு எதிர்முனை. மின்சாரம் ஓட ஓடப் பொருளின்மேல் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பித் துரு நெகிழ்ந்து விழும். கம்பிகள் பழியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு கரையும். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் பொருள் கரைந்துவிடும், கம்பி பிழைத்துக்கொள்ளும். அதனால் சிவப்பு வயரில் அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணி கட்டி வைத்திருக்கிறாள். தொட்டியிலிருந்து எடுத்த பிறகு நாள்கணக்கில் நல்ல தண்ணீரில் அலசல், உலர்த்தல், மிச்சத் துருவைக் கறுப்பாக்கி அடக்குகிற துவர்ப்புக் கரைசல், கடைசியில் மெழுகு.

இதெல்லாம் பிறகு. முதலில் ஜன்னல்.

எந்தப் பொருள் வந்தாலும் எடுத்தவுடன் முழுசாகத் தேய்க்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஓர் ஓரத்தில் கட்டைவிரல் நக அளவுக்கு மட்டும் துருவை அடுக்கடுக்காக எடுத்து உள்ளே பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஜன்னல் என்று பெயர். சில பொருள்களுக்குள் இரும்பே மிஞ்சியிருக்காது. துருதான் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதைத் தெரியாமல் தொட்டியில் போட்டால் மறுநாள் காலை காவித் தண்ணீர்தான் இருக்கும். தண்ணீரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கத்தி என்று எழுத முடியாது. [இந்த இடத்தில் "கதைகளும் அப்படித்தான்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. தமிழ்ப் பேராசிரியர் பென்சிலால் அடிக்கோடு போடுவார் என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன்.]

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. வந்தபோது நிலை, செய்த வேலை, கண்டது, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். "கண்டது" கட்டத்தில் சித்தி கண்டதை மட்டும் எழுதுவாள். பதினான்கு வருடத்தில் எத்தனையோ குறுவாள்கள் அவள் கையெழுத்தில் கதவுத் தாழ்ப்பாள்களாகியிருக்கின்றன. ஒரு கேடயம் பானை மூடியானது. இந்தப் பதினான்கு வருடமும் அவள் தற்காலிக ஊழியர்.

ஒரு மாதத்துக்கு முன் அந்தக் கட்டி வந்தது. சாக்கடை வெட்டிய பள்ளத்தில் கிடைத்ததாம். முழங்கையைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், லேசான வளைவு, ஒரு முனை கூம்பி, உடம்பெல்லாம் செங்கல் நிறத்தில் மண்ணும் துருவும் கல்லும் அப்பிக்கொண்டு, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அதே பள்ளத்தில் பழங்காலப் பானை ஓடுகளும் இருந்தன. பானை ஓடு பழசு என்றால் பக்கத்தில் கிடந்ததும் பழசு என்று காப்பாட்சியர் முடிவு செய்தார்.*

காப்பாட்சியருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் முன்னுரை. எதைச் சொல்ல வந்தாலும் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க மாலையாகிவிடும். ஒருமுறை பின்கட்டில் தீப்பிடித்தபோது, "நெருப்பு என்பது மனித நாகரிகத்தின்" என்று அவர் தொடங்கியதும் காவலாளி தானாகவே ஓடிப்போய் அணைத்துவிட்டார்.

சித்தி முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். படக்கென்று ஒட்டியது. அவளுக்கு அப்போதே உறுத்தியது. ஆயிரம் வருடம் ஈரமண்ணில் கிடந்த இரும்பில் காந்தம் ஒட்டினாலும் அரைமனதாகத்தான் ஒட்டும். அட்டையில் எழுதினாள்: "காந்தம் பலமாக ஒட்டியது." முன்னுரை அதைப் படித்துக் கண் கலங்கினார்.

"பாத்தீங்களாம்மா? அந்தக் காலத்து இரும்பு! இன்னிக்கு எவனால முடியும்?"

அது போர்வாள் என்று இருபத்திரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினார். அதில் மூன்று பக்கம் நடுவிலிருந்த குழியைப் பற்றி. என்னவென்று தெரியாத எதையும் சடங்கு என்று எழுதலாம் என்பது அவர் துறையில் ஒரு வசதி. "குருதி ஏந்தும் சடங்குக் குழி" என்று எழுதினார். சிறப்பு விருந்தினரைப் பிடித்தார். திங்கட்கிழமை திறப்புவிழா என்று அழைப்பிதழ் அச்சானது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மதியம் சித்தி ஜன்னல் திறந்தாள். ஆறாம் நம்பர் கொக்கியால் நுனிநுனியாகச் சுரண்டி, தூரிகையால் தள்ளி, மறுபடி சுரண்டி. மேல்துரு போய், நடுத்துரு போய், சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. இரும்பில் ஒரு கோடு. அந்தக் கோடு வளைந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள்.

ஆங்கிலத்தில் ஒரு "பி". பக்கத்தில் 47. அச்சுக் குத்தியது.

பூதக்கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டுப் பனித்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். 47தான்.

* இதே முறைப்படி, என் அறையில் கிடைக்கிற பாடப்புத்தகங்களைக் கொண்டு நான் படிப்பாளி என்று நிறுவலாம்.

4

அன்று சாயங்காலம் சமையலறையில் சித்தி செல்போனை நீட்டினாள். [இனி வருவது குளியலறைக் கதவு வழியாகக் கேட்டது. முகபாவங்கள் எல்லாம் என் கற்பனை.]

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

"எங்க கிடைச்சுது இது?"

"என்னன்னு சொல்லுங்க முதல்ல."

"கமான் பட்டை. லாரி பின்சக்கரத்துக்கு மேல அடுக்கடுக்கா இரும்புப் பட்டை வளைஞ்சு இருக்கும்ல, வண்டி குலுங்காம தாங்குறதுக்கு. அதுல ரெண்டாவது பட்டை. பாதியில உடைஞ்சிருக்கு."

"நிச்சயமாவா?"

"ஆயிரம் பேர் நடுவுல உன்னைக் கண்டுபிடிப்பேனான்னு கேட்டா யோசிப்பேன். இதைக் கேட்டா யோசிக்கமாட்டேன்."

"நடுவுல குழி இருக்கே."

"போல்ட் ஓட்டை."

"அதுக்கு மூணு பக்கம் எழுதியிருக்காரு எங்க சார்."

"போல்ட்டுக்கா?"

"சடங்குக்கு."

இங்கேதான் முதல் சிரிப்பு.

"சிரிக்காதீங்க. போர்வாள்னு போட்டு அழைப்பிதழே அடிச்சாச்சு. திங்கக்கிழமை திறப்பு."

"யாரு திறக்கிறது?"

சித்தி சொன்னாள். சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய பதவியில் இருப்பவர். பதவிக்கு முன்னால் அவருக்கு நூற்றுச் சொச்சம் லாரிகள். லாரிகளுக்கு முன்னால் அவர் ஒரு லாரியில் கிளீனர்.

இங்கே இரண்டாவது சிரிப்பு, இருமலோடு.

5

வெள்ளிக்கிழமை காலை முன்னுரை தன் கையாலேயே அழைப்பிதழ்களை உறையிலிட்டு, நாக்கால் நனைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள நம்பர் இருக்கு."

"எதுக்குள்ள?"

"வாளுக்குள்ள."

இறங்கி வந்தார். விளக்கை இழுத்துக் குனிந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, முன்னுரை ஒன்றும் சொல்லாமல் இருந்ததைச் சித்தி பார்த்தாள். சார்ஜர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு போட்டோவுல பாத்தாரு. லாரிப் பட்டைன்னாரு."

"அவரு தொல்லியல் படிச்சிருக்காரா?"

"இல்ல சார். லாரி படிச்சிருக்காரு."

முன்னுரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இங்க பாருங்கம்மா. நீங்க இந்த ஜன்னலைத் திறக்கலைன்னா இந்த நம்பர் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் சார். தெரிஞ்சிருக்காது."

"அதேதான் நானும் சொல்றேன். ஒரு ஜன்னல்தானே? சாத்திடுங்க."

"எனக்குத் துருவை எடுக்கத்தான் சார் தெரியும். வைக்கத் தெரியாது."

இது பொய். சித்திக்கு வைக்கவும் தெரியும். ஆனால் மேலதிகாரியிடம் சொல்கிற எல்லாவற்றையும் பொய்க்கணக்கில் சேர்த்தால் யாரும் மிஞ்சமாட்டோம்.

"அடுத்த மாசத்தோட இந்த இடத்தை மூடி, சாமான் எல்லாத்தையும் பெட்டி கட்டிக் குடோனுக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது தெரியுமா உங்களுக்கு? பாக்க ஆள் வர்றதில்லையாம். இந்த வாள் சேதி பத்திரிகையில வந்ததும்தான் நிறுத்திவெச்சிருக்காங்க. காவலாளி, டிக்கெட் குடுக்கிற அம்மா, தோட்டக்காரர், நீங்க. மொத்தம் பன்னெண்டு பேரு." விளக்கின் கழுத்தை வேறு பக்கம் திருப்பினார். "உங்க நிரந்தர ஆணைகூடக் கையெழுத்துக்கு என் மேஜையிலதான் இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

"சார், வர்றவரு லாரிக்காரரு. பாத்ததும் கண்டுபிடிச்சுடுவாரு."

"அவரு லாரிக்கு அடியில குனிஞ்சு முப்பது வருஷம் ஆச்சும்மா. இப்பல்லாம் அவரு குனியறதில்லை. மத்தவங்கதான் குனியறாங்க."

சித்தி அட்டையை நீட்டினாள். "அப்ப 'கண்டது'ல என்ன சார் எழுத?"

"உங்க கை, உங்க பேனா. நான் என்னம்மா சொல்றது?" என்றார் முன்னுரை. அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான முடிவுரை அதுவாகத்தான் இருக்கும்.

6

இந்த இடத்தில் எனக்கு முன்னுரைமேல் ஒரு சந்தேகம். அவர் நம்பும்படி இல்லை. அதாவது, கதாபாத்திரமாக.

முதல் வரைவில் அவருக்குத் தங்கப் பல் கொடுத்திருந்தேன். மேஜையைத் தட்டிப் பேசினார். "உன் வேலையைப் பார்!" என்று கத்தினார். அவர் போனதும் ஒரு காகம் கரைந்தது. சித்தி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாருடா இது?"

"உங்க சார்தான் சித்தி."

"எங்க சாருக்குப் பல்லே பாதிதான் இருக்கு. அவரு கத்தவும் மாட்டாரு. கத்தினாருன்னா எனக்கு எவ்வளவு சுலபமா இருக்கும் தெரியுமா? எதிர்த்துப் பேசிட்டு வந்துடலாம். அவரு பாவமா முழிக்கிறாரு."

"பொய்தானே சித்தி சொல்றாரு?"

"இருபது வருஷமா ஒரு நல்ல பொருள் வராதான்னு உக்காந்திருக்காருடா. வர்றதையெல்லாம் நான் தாழ்ப்பாள், பானை மூடின்னு எழுதிட்டே இருந்தா மனுஷன் என்ன பண்ணுவாரு? நம்பிட்டாரு. இப்ப இறங்கத் தெரியல."

ஆகவே தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். காகத்தையும் விரட்டிவிட்டேன். ஒரு நல்ல வில்லன் கைநழுவியதில் எனக்குச் சித்திமேல் கொஞ்சம் வருத்தம்தான். ஆண்டுமலரில் வில்லன் இல்லாத கதைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைப்பதில்லை.

7

சனிக்கிழமை. திறப்புவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். சித்தி தன் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்று முடிவுகளோடு போய் எதிரே உட்கார்ந்தேன்.

முடிவு அ: அவள் துருப்பொடியைப் பசையில் குழைத்து, ஜன்னல்மேல் அப்பி, விரலால் நீவிவிடுகிறாள். 47 மறைகிறது. பன்னிரண்டு பேர் வீட்டிலும் விளக்கு எரிகிறது.

"தொழில் தெரியாம எழுதாத. பசை காஞ்சா பளபளன்னு நிக்கும், அந்த இடம் மட்டும் தனியாத் தெரியும். மறைக்கணும்னா உப்புத்தண்ணியும் புளிச்ச காடியும் தொட்டுத் தொட்டு வெச்சு, திரும்பத் துருவே வளரவிடணும். ரெண்டு நாள் போதும்."

"அப்ப செய்யலாம்ங்கிறியா?"

"எப்படிச் செய்யறதுன்னு சொன்னேன். செய்யலாம்னு சொன்னேனா?"

முடிவு ஆ: பதற்றத்தில், அல்லது பதற்றம்போல, வயர்களை மாற்றிக் கொடுத்துவிடுகிறாள். திங்கட்கிழமை காலைக்குள் வாளின் பாதி கரைந்து, எண்ணும் போய், பட்டையும் போய், போர்வாளா லாரியா என்று யாரும் சொல்ல முடியாத

இஸ்திரிப்பெட்டி தடாரென்று நிமிர்ந்து நின்றது.

"பதினாலு வருஷத்துல ஒருநாள் நான் வயரை மாத்திக் குடுத்ததில்லை. துணி கட்டி வெச்சிருக்கேன் அதுக்குன்னே. என்னைப் பொய் சொல்றவள்னு எழுது, பரவாயில்லை. வேலை தெரியாதவள்னு எழுதினே, நாளையிலிருந்து இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது."

ஆகவே முடிவு ஆ இத்துடன் நீக்கப்படுகிறது. வாசகர்கள் அதைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.

முடிவு இ: மேடையேறுகிறாள். ஒலிபெருக்கியைப் பிடிக்கிறாள். "இது வாள் இல்லை!" என்கிறாள். ஒரு நொடி நிசப்தம். பிறகு எங்கிருந்தோ ஒரே ஒருவர் கைதட்ட, மெல்ல மெல்ல அரங்கம் முழுவதும் எழுந்து நின்று—

"யாரு அந்த ஒருத்தர்?"

"தெரியல சித்தி. யாராவது ஒருத்தர்."

"காவலாளியா? அவருக்கு அடுத்த மாசத்திலிருந்து வேலை இருக்காது. டிக்கெட் அம்மாவா? அவங்க பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கு. எவன்டா கைதட்டுவான்?"

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார். "நான் தட்டுவேன்."

"நீங்க கேலிக்குத் தட்டுவீங்க."

"அதுவும் சத்தம்தானே?"

சித்தி புடவையை நாலாக மடித்தாள். ஓரங்கள் சரியாகச் சேர்ந்தனவா என்று பார்த்தாள். "சரி, நீயே சொல்லு. பேனா உன் கையில. என் இடத்துல நீ இருந்தா என்ன எழுதுவே?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று முடிவு எழுதியிருந்தேன். ஒன்றில்கூட நான் இருந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. [இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் கதாசிரியர் திருந்திவிட்டார் என்று பொருள். நான் திருந்தவில்லை. நான்காவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தேன்.]

8

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சித்தி போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் நீலத் துணிமேல் வாள் படுத்திருந்தது. ஜன்னல் இல்லை.

யார் மூடினார்கள்? எதைக் கொண்டு மூடினார்கள்? பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு புரிந்தது. முன்னுரை அதைப் புரட்டிப் போட்டிருந்தார்.

நான் மூன்று முடிவுகளை எழுதியிருந்தேன். சித்தி காடி, உப்பு, நாள்கணக்கு வரைக்கும் சொல்லியிருந்தாள். புரட்டி வைக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இதனால்தான் அவர் அதிகாரி.

"அட்டையை அப்புறம் நிரப்பிக்கலாம்மா," என்றார் முன்னுரை, அவள் கண்ணைப் பார்க்காமல். "விழா முடியட்டும்."

நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். முன்னால் நாற்காலிகள் நிரம்பிவிட்டதால் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். காவலாளி புதுச்சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். டிக்கெட் கொடுக்கும் அம்மா அன்றைக்கு யாருக்கும் டிக்கெட் கொடுக்காமல் எல்லாரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் வந்தார். ரிப்பன் வெட்டினார். முன்னுரை ஒலிபெருக்கியைப் பிடித்து, "இரும்பைப் பற்றிப் பேசுமுன், கல்லைப் பற்றிச் சிறிது" என்று தொடங்கினார்.

கல் முடிந்து செம்பு நடந்துகொண்டிருக்கையில் விருந்தினர் எழுந்தார். முன்னுரையின் பேச்சு பாதியில் நின்றது. விருந்தினர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டி அருகில் போனார். பார்த்தார். பிறகு, முப்பது வருடமாகக் குனியாதவர் என்று சொல்லப்பட்டவர், முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். தலையைச் சாய்த்து, பெட்டியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, அந்த வளைவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். லாரிக்கு அடியில் சித்தப்பா பார்ப்பதும் அப்படித்தான்.

"இதைத் திறங்க."

திறந்தார்கள். அவர் அதைப் புரட்டவில்லை. கட்டைவிரலைச் சடங்குக் குழியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஏதோ ஓர் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இதைச் சுத்தம் பண்ணது யாரு?"

"ஐயா, அதைச் சொல்வதற்கு முன்னால்," என்றார் முன்னுரை.

"யாருன்னு கேட்டேன்."

சித்தி ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்தாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அதட்டலாக இல்லை. பட்டறையில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிற மாதிரி, வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி. கேட்டார்.

"இது என்னம்மா?"

அவளுக்கு வலப்பக்கம் முன்னுரை. அவர் உதடு எதையும் சொல்லாமல் அசைந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் பூட்டிய பொத்தானோடு காவலாளி. கையில் மூன்று கட்டம் நிரப்பிய அட்டை.

அவள் பதில் சொன்னாள்.

எனக்குக் கேட்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் நாற்பது தலைகள், யாரோ ஒலிபெருக்கியை நகர்த்தியதில் அது கிறீச்சிட்டது. சித்தியின் வாய் அசைந்தது. சின்னப் பதில்தான், இரண்டு சொல்லுக்குமேல் இருக்காது. விருந்தினர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க. எந்தப் பதிலுக்கும் அப்படிச் சிரிக்கலாம். பிறகு ஒலிபெருக்கி பக்கம் வந்து, "அருமையான பொருள். பத்திரமா வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதையும் எந்தப் பதிலுக்குப் பிறகும் சொல்லலாம்.

அருங்காட்சியகம் இன்னும் மூடப்படவில்லை. கடிதம் வேறு மேஜைக்குப் போயிருக்கிறதாம், அங்கேயே இருக்கலாம். சித்தியின் நிரந்தர ஆணை வரவில்லை. பதினான்கு வருடமாக வராத ஒன்று இப்போதும் வராததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அட்டையில் என்ன எழுதினாள் என்று பார்க்கலாமென்றால், அட்டைகளை ஊழியர் தவிர வேறு யாரும் பார்க்க அனுமதியில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டேன்.

"என்ன சித்தி சொன்னே அவர்கிட்ட?"

"கேட்டாரு. சொன்னேன்."

"அதான் என்ன சொன்னே?"

"நீதான் எழுதறவனாச்சே. எழுதிக்கோ."

எழுதிப் பார்த்தேன். "வாளுங்க ஐயா" என்று எழுதினேன். அவள் குரல் அப்படியே கேட்டது. அடித்துவிட்டு "லாரிப் பட்டைங்க" என்று எழுதினேன். அதிலும் அவள் குரல்தான் கேட்டது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையால் சாப்பிடுகிறவன் நான். எனக்கே இரண்டும் அவள் பேச்சாகத்தான் கேட்கிறது என்பது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நீங்கள் அவளோடு எட்டுப் பகுதிகள் பழகியிருக்கிறீர்கள். சொந்தமும் இல்லை, அவள் சோற்றை நிறுத்திவிடுவாள் என்கிற பயமும் இல்லை. ஆகவே ஓர் அடி முன்னால் வாருங்கள். அவர் குனிந்த முதுகை இன்னும் நிமிர்த்தவில்லை. கட்டைவிரல் குழியில்தான் இருக்கிறது. காவலாளி உங்களையே பார்க்கிறார்.

"இது என்னம்மா?"

சீக்கிரம் சொல்லுங்கள். பெரிய மனிதர், ரொம்ப நேரம் குனிந்திருக்க அவரால் முடியாது.